ஆசிரியர் கூடிப் பேசினால் மாணாக்கர் கற்பாரா?

சர்வகலாசாலையில் பணிபுரியும் ஓர் ஆசிரியர் தமது ஆராய்ச்சியில் ஒரு சிறு முடிவை எட்டினால், அதை எழுதிச் சகாக்களுக்குக் காட்டி, அவர்கள் கூறும் ஆட்சேபங்களுக்குச் சமாதானம் தேடி, பத்திரிகைக்கு அனுப்பி, முகம் தெரியாத இரண்டு மூன்று பரீட்சகர்களின் கண்டனத்துக்கு உட்பட்டு, அதன் பிறகே அச்சில் காண்கிறார். அதே ஆசிரியர் முப்பது வருஷ காலம் இடைவிடாது நடத்திவரும் பாடத்தையோ, அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டார். இந்த விசித்திரத்தை அமெரிக்கக் கல்வி அறிஞர் லீ ஷுல்மன் 1993இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சி என்பது நூலகத்தின் மூலையில் தனித்திருந்து செய்யும் தவம் என்றும், போதனை என்பது பலரோடு கலந்து செய்யும் காரியம் என்றும் எண்ணிக்கொண்டு உத்தியோகத்தில் நுழைந்த தமக்கு, உண்மை அதற்கு நேர்மாறாக இருப்பது பிறகே விளங்கிற்று என்பது அவருடைய வாக்குமூலம். வகுப்பறைக் கதவைச் சாத்திய மாத்திரத்தில் ஆசிரியர் ஏகாங்கியாகிவிடுகிறார். அவர் செய்யும் தவறு அவருக்கே தெரிவதில்லை. அவர் கண்ட நல்ல உபாயமும் அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வெளியேறிவிடுகிறது.

இத்தனிமையைப் போக்கும் பொருட்டு, ஒரே ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆசிரியர் சிலர், குரு சிஷ்ய பேதமின்றி, குறித்த காலந்தோறும் கூடித் தத்தம் போதனையைப் பற்றிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏற்பாடு சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றுப் பல தேசங்களில் பரவியிருக்கிறது. கற்றல் சமூகம் என்பர் ஒரு சாரார். போதனை வட்டம் என்பர் மற்றொரு சாரார். அப்படிக் கூடுவதால் ஆசிரியர்கள் ஆறுதல் அடைகிறார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அவர்களிடம் படிக்கும் மாணாக்கர் முன்னைக்காட்டிலும் கூடுதலாக எதையேனும் கற்கிறார்களா என்பதே விசாரணைக்குரியது. இந்தக் குழுக்களைப் புகழ்ந்து எழுதியவர்களில் பலர் அந்த விசாரணைக்குள் இறங்காமலே நின்றுவிட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இதன் பூர்வ சரித்திரத்தை எழுதுவோர் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் அலெக்ஸாண்டர் மைக்கல்ஜான் 1927 முதல் 1932 வரை நடத்திய பரிசோதனைக் கல்லூரியிலிருந்து தொடங்குவது வழக்கம். அது மாணாக்கரை ஒன்றுசேர்த்த முயற்சி. ஆசிரியர் குழுக்கள் அதன் தூரத்து வாரிசுகளே. நமது விஷயத்துக்கு நெருங்கியது, 1970களின் நடுவில் நியூயார்க் மாகாணத்து ஸ்டோனி புரூக் சர்வகலாசாலையில் பாட்ரிக் ஹில் என்ற தத்துவ ஆசிரியர் தொடங்கிய ஏற்பாடு. சம்பந்தமுள்ள பாடங்கள் சிலவற்றை ஒன்றாகப் பிணைத்து ஒரே மாணாக்கர் கூட்டம் அவற்றைப் படிக்கும்படி செய்ததோடு, வேறு துறையைச் சேர்ந்த ஓர் ஆசிரியரைப் போதனைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, அம்மாணாக்கரோடு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாடங்களையும் கேட்டு, அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் தாமும் எழுதும்படி ஹில் ஏற்படுத்தினார். தேர்ந்த பேராசிரியர் ஒருவர், தமக்குப் பரிச்சயமில்லாத சாஸ்திரத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு சமமாகத் தடுமாறுகிறார் என்றால், அந்தத் தடுமாற்றத்தை அவர் மாலையில் சக ஆசிரியர்களுக்கு எடுத்துச்சொல்லும்போது அதற்கு உள்ள பலம் எந்தப் பிரசங்கத்துக்கும் இராது. பாடம் எங்கே புரியாமல் போகிறது என்பதை மாணாக்கன் அறிவான், ஆனால் சொல்லத் தெரியாது. ஆசிரியருக்குச் சொல்லத் தெரியும், ஆனால் புரியாமல் போன அனுபவம் மறந்து வெகு காலமாகிவிட்டது. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துவைத்தது ஹில்லின் சாமர்த்தியம். செலவு அதிகம் என்பதாலோ, பேராசிரியர்களின் கௌரவம் இடங்கொடாததாலோ, இம்முறை பரவலாக வேரூன்றவில்லை.

வேரூன்றியது வேறொன்று. ஒஹையோ மாகாணத்தில் ஆக்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் மயாமி சர்வகலாசாலை இருக்கிறது. (ஃபுளோரிடாவிலுள்ள பெரிய பட்டணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) லில்லி அறக்கட்டளையின் பொருளுதவியோடு 1979இல் இங்கே, புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இதை நெடுங்காலம் நடத்தி, இதன் இலக்கணத்தையும் வகுத்தவர் மில்டன் காக்ஸ் என்ற கணித ஆசிரியர். வெவ்வேறு துறைகளிலிருந்து 8 முதல் 12 ஆசிரியர்கள் தாமே விரும்பி விண்ணப்பித்துச் சேர்கிறார்கள். ஒரு கல்வியாண்டு முழுவதும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடுகிறார்கள். அவரவரும் தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்து பார்த்து, அதன் பலனைக் குழுவின் முன் வைக்கிறார்கள். அனுபவமுள்ள மூத்த ஆசிரியர் ஒருவரைத் துணையாகத் தாமே தேர்ந்துகொள்கிறார்கள். மாணாக்கர் ஓரிருவரையும் ஆலோசகராக வைத்துக்கொண்டு அவர்களிடம் பாடத்தைப் பற்றிய கருத்தைக் கேட்கிறார்கள் என்பது விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. 1981 முதல் அங்கே கல்லூரிப் போதனை பற்றிய வருடாந்தர மகாநாடும் நடந்துவருகிறது. அமெரிக்காவின் பல சர்வகலாசாலைகள் இந்த முறையைப் பார்த்தே தங்கள் குழுக்களை அமைத்துக்கொண்டன.

சரி, பலன் என்ன? குழுவில் இருந்த இளம் ஆசிரியர்களில் நிரந்தர நியமனம் பெற்றோரின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று காக்ஸ் எழுதியிருக்கிறார். மாணாக்கரின் கற்றல் மேம்பட்டது என்றும் அவருடைய அறிக்கைகள் கூறுகின்றன. முதலாவதை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தாமாக விண்ணப்பித்துச் சேரும் ஆசிரியர்கள் ஏற்கெனவே ஊக்கமுடையவர்கள் என்பதை நினைத்தால், அந்தப் பெருமை முழுவதும் குழுவையே சாருமா என்ற கேள்வி எழும். இரண்டாவதற்குக் காட்டப்படும் ஆதாரமோ பெரும்பாலும் ஆசிரியர்களே தங்கள் மாணாக்கரைப் பற்றிக் கொடுத்த மதிப்பீடு. தாம் சமைத்ததைத் தாமே ருசி பார்த்து நன்று என்று சொல்வதை எவ்வளவு தூரம் பிரமாணமாகக் கொள்ளலாம்?

இந்தச் சந்தேகம் வீண் சந்தேகமன்று என்பதை 2011இல் டயான் எபர்ட்-மே என்ற உயிரியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி பிரத்தியட்சமாகக் காட்டிற்று. அமெரிக்காவில் உயிரியல் ஆசிரியர்களுக்காக நடந்த இரண்டு பெரும் பயிற்சித் திட்டங்களில் கலந்துகொண்டவர்களிடம், உங்கள் போதனை முறையை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டபோது, நூற்றுக்கு 89 பேர் ஆம் என்றார்கள். பிறகு அவர்களுடைய வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து, பயிற்சி பெற்ற பார்வையாளர்களிடம் கொடுத்து மதிப்பிட்டபோது, நூற்றுக்கு 75 பேர் பழையபடியே தாம் பேச மாணாக்கர் கேட்கும் பிரசங்க முறையில்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பொய்யர் என்று சொல்வது அநியாயம். மாறிவிட்டதாகவே அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். இடையில் ஒரு கேள்வி கேட்டு இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றதை, பாடம் முழுவதுமே மாறிவிட்டதாக அவர்களுடைய ஞாபகம் பெரிதாக்கிக்கொண்டிருக்கலாம். அதே அறிஞர் பின்னர் வேறு விதமான திட்டமொன்றை நடத்தினார். இன்னும் ஆசிரியப் பதவிக்கு வராத இளம் ஆராய்ச்சியாளர்களை இரண்டு வருஷம் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒரு பாடத்தைத் தாமே வகுத்து நடத்தச் செய்து, நடத்திய அனுபவத்தோடு திரும்பவும் குழுவுக்கு வரும்படி அமைத்தார். பின்னர் உத்தியோகத்துக்கு வந்த அவர்களுடைய வகுப்புகளைப் பார்த்தபோது மாற்றம் மெய்யாகவே தெரிந்தது என்று 2015இல் வெளியான கட்டுரை கூறுகிறது. சில நாட்கள் கேட்டுவிட்டுக் கலைவதற்கும், கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு அதே முகங்களிடம் திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

திரும்பி வர ஓரிடம் வேண்டும் என்பதற்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் 722 பேரை விசாரித்து ஹெண்டர்ஸன், டான்ஸி முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சி, புதிய போதனை முறைகளில் ஒன்றை முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று காட்டியது. புதிய முறையைப் பற்றி அவர்கள் அறியாமலில்லை. அறிந்து, விரும்பி, முயன்று, அதன் பின்னரே விட்டார்கள். முதல் வருஷத்தில் மாணாக்கர் முணுமுணுப்பார்கள், பாடத்திட்டம் முடியாது, மேலதிகாரி ஏறிட்டுப் பார்ப்பார். அந்த வேளையில், எனக்கும் அப்படித்தான் இருந்தது, இரண்டாவது பருவத்தில் இப்படி மாற்றிப் பாருங்கள் என்று சொல்ல ஒருவர் அருகில் இல்லாவிடில், விவேகமுள்ள மனிதர் எவரும் பழைய வழிக்கே திரும்புவார். குழுவின் ஆறுதலைச் சற்று முன்னே லேசாகப் பேசினோம். இவ்விடத்தில் மட்டும் அந்த ஆறுதலே மாணாக்கருக்குப் பலன் தருகிறது.

இயற்பியலைப் பற்றிப் பேச்சு வந்ததால், அத்துறையில் நிகழ்ந்த ஒரு காரியத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிஸோனா மாகாண சர்வகலாசாலையில் ஹல்லூன், ஹெஸ்டினஸ் இருவரும் 1985இல், இயக்கவியலின் அடிப்படைக் கருத்துகளை மாணாக்கர் எவ்வளவு தூரம் கிரகித்திருக்கிறார்கள் என்பதை அறிய ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். கணக்குப் போட வேண்டியதில்லை. பாரமான லாரியும் சிறு காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்ற தினுசில், சாதாரண அறிவுக்கு எட்டும் கேள்விகள். 1992இல் திருத்தமான வடிவம் பெற்ற இச்சிறு கேள்வித்தாளில் சுமார் 30 கேள்விகளே உண்டு. ஹார்வார்டில் போதித்துவந்த எரிக் மஸூர், தம் மாணாக்கருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகாது என்று நம்பிக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளை அநாயாசமாகச் செய்தவர்களே இவ்வெளிய கேள்விகளில் இடறி விழுந்தார்கள். அதன் விளைவாகவே அவர், மாணாக்கர் பக்கத்திலுள்ளவரோடு வாதித்து விடை காணும் முறையைத் தம் வகுப்பில் புகுத்தினார். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் பல ஸ்தாபனங்களிலிருந்து 62 வகுப்புகளின் விடைகளைத் திரட்டினார். மாணாக்கர் எண்ணிக்கை 6,542. பாடத்துக்கு முன் அறியாதிருந்ததில் எவ்வளவு பங்கைப் பாடத்துக்குப் பின் அறிந்தார்கள் என்று கணக்கிட்டதில், பிரசங்க முறை வகுப்புகளின் சராசரி 0.23, மாணாக்கரை ஈடுபடுத்திய வகுப்புகளின் சராசரி 0.48.

இந்தக் கதையில் குழு எங்கே என்று வாசகர் கேட்கலாம். கூடுவதற்கு ஓர் அறை இல்லை, தேநீர் இல்லை, தலைவரும் இல்லை. ஆனால் ஒரு துறையைச் சேர்ந்த ஆசிரியர்கள் பலர், தங்கள் தங்கள் மாணாக்கர் செய்த தவறுகளை ஒரே கேள்வித்தாளின் வழியாக ஒருவருக்கொருவர் காட்ட முன்வந்தபோது, முகமறியாத அத்தனை பேரும் ஒரே குழுவாகிவிட்டார்கள். மயாமியின் குழுக்களுக்கு நல்லெண்ணமும் நட்பும் நிறைய இருந்தன. இயற்பியலாருக்கோ எதிரே வைத்துப் பேச ஒரு பொருள் இருந்தது. மாணாக்கரின் கற்றலைப் பொறுத்தமட்டில் நட்பைக் காட்டிலும் பொருளே அதிகப் பிரயோஜனப்பட்டது என்பது நாம் இந்த ஒப்பீட்டிலிருந்து அடையும் முடிவு.

ஜப்பானில் இந்த உண்மையைப் பள்ளி ஆசிரியர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறார்கள். மெய்ஜி காலந்தொட்டு அங்கே வழங்கிவரும் பாட ஆராய்ச்சி என்ற முறையில், சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிக்கிறார்கள். கவனிப்பது ஆசிரியரை அன்று. எந்தக் குழந்தை எந்த இடத்தில் பென்சிலை நிறுத்திற்று, எதை எழுதி எதை அழித்தது என்பதையே குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கூடி விவாதித்து, பாடத்தைத் திருத்தி, வேறொரு வகுப்பில் மீண்டும் நடத்துகிறார்கள். இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், பாடம் குழுவினர் அனைவருக்கும் சொந்தமாகையால், அது தோற்றாலும் நடத்தியவரின் மானம் போவதில்லை. இந்த முறையைச் சர்வகலாசாலை நிலைக்குக் கொண்டுவரும் முயற்சி 2003இல் விஸ்கான்ஸினின் லா கிராஸ் நகரத்தில் பில் ஸெர்பின் என்ற உளவியல் ஆசிரியரால் தொடங்கப்பட்டு ஓரளவு பரவியது. விநோதம் பாருங்கள்: அதே ஜப்பானின் சர்வகலாசாலைகளில் ஆசிரியர் மேம்பாடு என்பது 2008இல் சட்டத்தின் மூலம் இளநிலைப் படிப்புகளுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டியிருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் மனமுவந்து செய்வதைப் பேராசிரியர் உத்தரவின் பேரில் செய்கிறார்.

கட்டாயத்தின் தோஷம் யாவரும் அறிந்ததே. போதனை முறை மாற்றங்களைப் பற்றி வெளிவந்த 191 கட்டுரைகளை ஆராய்ந்து ஹெண்டர்ஸன், பீச், ஃபிங்கல்ஸ்டைன் ஆகிய மூவர் 2011இல் எழுதிய மதிப்புரை, சிறந்த முறை இது என்று விளம்பரம் செய்வதாலும், மேலிருந்து உத்தரவு போடுவதாலும் பயன் விளையாது என்று முடிவு கூறியது. ஆசிரியரின் கொள்கைகளோடு இசைந்து, நீண்ட காலம் நீடித்து, ஸ்தாபனத்தின் இயல்பை அறிந்து செய்பவையே நிலைத்தன. அதற்காக, ஆசிரியர்களை அவரவர் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்று கொள்வதற்கும் இல்லை. ஸ்வீடனின் லுண்ட் சர்வகலாசாலையில் ருக்ஸோ, மோர்டென்ஸன் இருவரும் 106 ஆசிரியர்களை விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் போதனையைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது தமக்கு நம்பிக்கையான விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் மட்டுமே என்று தெரியவந்தது. அந்தரங்க சம்பாஷணை மதிப்புள்ளதுதான். ஆனால் நமது கருத்தோடு உடன்படுபவரையே நாம் நம்புகிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை என்று ஒருவர் சொல்ல மற்றவர் ஆமோதிக்கும் அந்தரங்க வட்டம் எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்பித்ததில்லை.

ஆசிரியரின் கூட்டத்திலிருந்து மாணாக்கரின் தாள் வரை தடம் பிடித்துச் சென்று பார்த்த ஆராய்ச்சி மிகச் சில. அவற்றுள் தலைசிறந்ததாக நாம் கருதுவது, மின்னஸோட்டாவின் கார்ல்டன் கல்லூரியும் வாஷிங்டன் மாகாண சர்வகலாசாலையும் சேர்ந்து நடத்தி 2016இல் நூலாக வெளியிட்டது. ஆசிரியர் எதைக் கற்றார், அதனால் அவர் கொடுக்கும் வேலைகள் எப்படி மாறின, அந்த வேலைகளுக்கு மாணாக்கர் எழுதிய கட்டுரைகள் மாறினவா என்று மூன்று படிகளையும் தனித்தனியே சோதித்தார்கள். கட்டுரைகளை மதிப்பிட்டவர்கள் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அல்லர். ஆசிரியரின் கற்றல் மாணாக்கரின் எழுத்து வரை சென்று சேருகிறது என்றும், கூட்டங்களுக்கு வராத சக ஆசிரியர்களிடமும் அது மெல்லப் பரவுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இம்முடிவு சாத்தியமானதற்குக் காரணம், அந்த ஸ்தாபனங்கள் மாணாக்கரின் கட்டுரைகளைச் சேகரித்துப் பாதுகாத்து மதிப்பிடும் பழக்கத்தை முன்கூட்டியே கொண்டிருந்தமை.

இந்தியாவில் 1986ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகளைச் சர்வகலாசாலைகளில் நிறுவத் தொடங்கிற்று. புது ஆசிரியருக்கு நான்கு வாரம், மற்றவருக்கு மூன்று வாரம் என்று வகுத்த அப்பயிற்சிகள் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டன. இதனால் கூட்டம் குறையவில்லை. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அறிமுகமாகி, பிரசங்கங்களைக் கேட்டு, சான்றிதழ் பெற்று ஊர் திரும்பினார்கள். அதே முகங்கள் மறுபடி கூடவில்லை. எந்த மாணாக்கரின் தாளும் அங்கே வந்ததில்லை. மேலே கண்ட ஆராய்ச்சிகளைக் கொண்டு பார்த்தால், இந்த அமைப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். அந்த ஸ்தாபனங்களின் பெயர் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியிருக்கிறது. இதையெல்லாம் பேசும்போது, வருஷக்கணக்கில் தற்காலிக நியமனத்தில் உழலும் கௌரவ விரிவுரையாளர்களை யாரும் நினைப்பதில்லை. அநேகக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளின் பாரம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. எந்தக் குழுவிலும் அவர்களுக்கு இடமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு வசதியைக் குறிப்பிடாமல் விடுவது தகாது. தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகளில் பருவந்தோறும் விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கிறது. ஒரே பாடத்தை வெவ்வேறு கல்லூரிகளில் நடத்தும் ஆசிரியர்கள் ஒரே கூடத்தில் நாட்கணக்கில் உட்காருகிறார்கள். சீஃப் என்று அழைக்கப்படும் தலைமைப் பரீட்சகர் இருக்கிறார். விடைக் குறிப்பு இருக்கிறது. டம்மி எண் இடப்பட்டிருப்பதால் தாள் எந்தக் கல்லூரியினுடையது, எந்தப் பிள்ளையினுடையது என்ற சங்கடமும் இல்லை. ஒரே கேள்விக்கு ஒரே விதமான தவறான விடை கட்டுக் கட்டாக அவர்கள் கையைக் கடந்து போகிறது. இடைவேளையில் அலவன்ஸ் தொகையைப் பற்றியும், கேள்வித்தாள் எடுத்தவரின் கொடுமையைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. தாள்கள் கட்டப்பட்டுப் போய்விடுகின்றன. லா கிராஸில் மிகுந்த பிரயாசையுடன் சேர்க்க வேண்டியிருந்த அனைத்தும் இங்கே தாமாகவே ஒரு கூரையின் கீழ் சேர்ந்திருக்கின்றன. அந்தத் தவறுகளைப் பற்றிப் பேசுவதற்கென்று அரை நாளை மட்டும் எவரும் ஒதுக்கவில்லை.

ஆகவே தேர்வாணையர்களிடமும் பாடக் குழுத் தலைவர்களிடமும் நமது விண்ணப்பம் இது. முகாமின் கடைசி நாளில் பிற்பகலைத் திருத்தும் வேலையிலிருந்து விடுவித்து, அதற்குரிய படியையும் கொடுத்து, கௌரவ விரிவுரையாளர்கள் உட்பட ஒரே தாளைத் திருத்தியவர்களைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து உட்காரவையுங்கள். மாணாக்கர் மிகுதியாகத் தவறவிட்ட ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன நினைத்து அப்படி எழுதியிருப்பார்கள் என்று மட்டும் பேசட்டும். பேசி முடிவு செய்த மாற்றத்தை அடுத்த பருவத்தில் வகுப்பில் செய்து பார்த்து, அதற்கடுத்த முகாமில் அதே குழுவினர் அதே பாடப்பகுதியின் விடைகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.